பைய மடக்கு

வெட்டுப்பட்ட கையைப் பார்த்தாலே, அரிவாள் இறங்கிய நேரத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். முழங்கைக்குக் கீழே சுண்டுவிரல் பக்கமாகக் காயம் இருந்தால், தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்கியிருக்கிறான். உள்ளங்கையிலும் விரல்களின் உள்பக்கத்திலும் என்றால், அரிவாளையே எட்டிப் பிடித்திருக்கிறான். இரண்டு புறங்கையிலும் என்றால் யார் மேலோ கவிழ்ந்து கிடந்திருக்கிறான். அநேகமாகத் தம்பியோ தங்கச்சியோ. நடந்தது என்ன என்று நான் கேட்பதில்லை. கேட்டால் சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் சொல்லும்போது கை இறுகும். இறுகின கையில் என் வேலை ஓடாது.

இருபத்துமூன்று வருஷமாக பிசியோதெரபி பார்க்கிறேன். பகலில் ஓர் ஆஸ்பத்திரி, சாயங்காலம் பாளையங்கோட்டையில் ஷட்டர் போட்ட ஒற்றை அறை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முழங்கால் வலிக்காரர்கள். அப்புறம் பக்கவாதம், தோள்பட்டை இறுக்கம், பைக்கிலிருந்து விழுந்தவர்கள், வாழைத்தார் சுமந்து கழுத்து பிடித்துக்கொண்டவர்கள். வெட்டுப்பட்ட கைகள் வருஷத்துக்கு நாலோ ஐந்தோதான் இருக்கும். இந்த ஆற்றங்கரையில் அரிவாள் வீட்டுச் சாமான். தார் வெட்ட வேண்டும், இலை அறுக்க வேண்டும், இளநீர் சீவ வேண்டும். எங்கள் ஊர் என்றாலே அரிவாளைக் காட்டும் சினிமாக்களைப் பார்த்து எரிச்சல்படுகிற ஆள்தான் நானும். ஆனாலும் அந்த நாலைந்து கைகளில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைகளாக இருப்பதை எந்த சினிமா மேல் பழிபோட்டு நான் ஒதுங்குவது?

எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் ‘நரம்பு’ என்றுதான் சொல்வார்கள். “நரம்பு அறுந்துபோச்சு மேடம், டாக்டர் தச்சுட்டாரு.” உள்ளே இருப்பது இரண்டு வேறு சங்கதிகள். தசையையும் எலும்பையும் கட்டியிழுக்கிற வெள்ளைக் கயிறு ஒன்று, தசைநாண். அது அறுந்தால் விரல் மடங்காது. மற்றது உணர்ச்சியைக் கொண்டுபோகிற நிஜமான நரம்பு. அது அறுந்தால் விரல் மடங்கும், ஆனால் பிடித்திருப்பது என்ன என்று தெரியாது. உள்ளங்கை ரேகையிலிருந்து விரலின் நடுக்கணு வரைக்குமான இடத்துக்குப் பழைய கை அறுவை நூல்களில் ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்று பெயர். அங்கே தைத்தால் ஒட்டிக்கொண்டு விரல் அசையாமல் போய்விடும், தொடாதே என்று ஒரு காலத்தில் சொல்லிவைத்திருந்தார்கள். இன்றைக்கு அங்கேயும் தைக்கிறார்கள். தைத்தபின் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு நல்ல வம்சம் உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1940களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். அறுவை முடிந்த கைக்கு வேலை கொடுத்துப் பழக்கவில்லை என்றால் அறுவையே வீண் என்பது அவர் கற்றுக்கொடுத்தது. அதற்குப் பிறகு சென்னை ஸ்டான்லியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே ஒரு துறையை உருவாக்கினார். எங்கள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு 2023இல் ஸ்டான்லியிலிருந்து கை மருத்துவர்கள் வந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 9 ராத்திரி, நாங்குநேரியில் ஒரு வீட்டுக்குள் புகுந்து பன்னிரண்டாம் வகுப்புப் பையனை வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். சாதியைச் சொல்லி தொந்தரவு செய்கிறார்கள் என்று பையன் வாத்தியாரிடம் சொன்னதுதான் காரணம். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அந்த அதிர்ச்சியிலேயே இறந்துபோனார். வெட்டுப்பட்ட அந்த அண்ணன் தங்கச்சிக்கு நான் வைத்தியம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தப் பத்தியையே எழுதியிருக்க மாட்டேன். அடுத்த மே மாதம் அந்தப் பையன் பரீட்சையில் 600க்கு 469 வாங்கினான் என்று செய்தி வந்தபோது ஊரே கொண்டாடியது. நானும் சந்தோஷப்பட்டேன். கூடவே என் தொழில் புத்தி கணக்குப் போட்டது: ஆகஸ்டில் வெட்டு, மார்ச்சில் பரீட்சை, நடுவில் ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் எத்தனை ராத்திரி என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ராத்திரியைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கே அது தாமதமாகத்தான் புரிந்தது.

சேரன்மாதேவிக்கு அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சிலதை மாற்றித்தான் சொல்கிறேன். பதினேழு வயசு. வலது உள்ளங்கையில் குறுக்கே வெட்டு, நாலு விரலுக்கும் நாணும் நரம்பும் போய், தைத்து அனுப்பியிருந்தார்கள். நாண் தைத்த கைக்கு மணிக்கட்டும் விரலும் கொஞ்சம் மடங்கியே இருக்கிற மாதிரி ஸ்பிளிண்ட் போடுவோம். ஒருவகை பிளாஸ்டிக் தகடு. சுடுதண்ணீரில் போட்டால் அப்பளம் மாதிரி இளகும், கையோடு ஒட்டி வளைத்துப் பிடித்தால் இறுகும். அதைக் கழற்றாமல், அந்தக் கூட்டுக்குள்ளேயே இன்னொரு கையால் விரலை மடக்கிவிட வேண்டும். “பைய மடக்கு, பைய” என்று நான் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். தையல் போட்ட நாண் முதல் வாரத்தைவிட இரண்டாவது வாரத்தில்தான் பலவீனமாக இருக்கும். தைத்த முனை இளகி, புதுச் சதை இன்னும் பிடிக்காத நேரம் அது.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவன் அம்மா கூட்டிவந்தார். கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மற்ற விரல்கள் மடங்கி நிற்க, நடுவிரலும் மோதிரவிரலும் மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. சித்திரை வெயில், உள்ளே வியர்த்து அரித்திருக்கிறது. ராத்திரி ஸ்பிளிண்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறான்.

“கனவு வந்துச்சுக்கா. கையைப் பொத்திட்டேன். பட்டுன்னு ஒரு சத்தம். கனவுலயா நெசத்துலயான்னு தெரியல.”

நெசத்தில்தான். ஒரு கெட்ட கனவு, சர்ஜன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து போட்ட தையலை அறுத்துவிட்டது. மறுபடி ஆபரேஷன், மறுபடி முதலிலிருந்து. ஸ்பிளிண்டை நனைக்காதே, எதையும் தூக்காதே, பைக் ஓட்டாதே என்றெல்லாம் பட்டியல் போட்டுச் சொல்லியிருந்தேன். ராத்திரி தூக்கம் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கை என் டிப்பார்ட்மென்ட், கனவு வேறு யாருடையதோ என்று இருந்துவிட்டேன்.

அதற்கப்புறம் கையைப் பிரிப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன். அம்மாக்கள் முந்திக்கொண்டு “நல்லாத்தான் தூங்குதான்” என்பார்கள். பையன் தரையைப் பார்ப்பான். அம்மாக்கள் பொய் சொல்லவில்லை. விடிய விடிய முழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்காகப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கப் பழகிவிடுகிறார்கள். மனநல மருத்துவரிடம் போங்கள் என்றால் “எம்புள்ளைக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?” என்று கோபம் வரும். ஆகவே, “ராத்திரி பயந்து கையைப் பொத்துனா தச்ச நரம்பு அந்து போவும், அதுக்கு ஒரு டாக்டர் இருக்காரு” என்று சொல்லி அனுப்புகிறேன். சொல்வதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிபட்ட கை வீங்கும். வீங்கும்போது மணிக்கட்டில் கட்டியிருக்கிற எதுவும் சதைக்குள் இறங்கும். அதனால் ஸ்பிளிண்டுக்கு அளவெடுக்கும் முன்னால், கத்தரிக்கோலை உள்ளே விட்டுக் கயிற்றை வெட்டிவிடுவேன். எந்த நிறம் எந்தச் சாதி என்று இங்கே ஆறாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி வெட்டுவேன். “கோயில் கயிறு மேடம்” என்று அப்பாக்கள் முனகுவார்கள். எந்தக் கோயில் என்று கேட்டால் பதில் வராது. ஒரு பையன் மட்டும் நேராகச் சொன்னான்: “வெட்டுங்கக்கா. வெளிய போய் வேற கட்டிக்கிடுதேன்.” வெட்டின துண்டு, ரத்தப் பஞ்சோடு சேர்ந்து மஞ்சள் பைக்குள் போகும். அந்தப் பைக்குள் இதுவரை எல்லா நிறமும் போயிருக்கிறது.

2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இந்தக் கயிற்றில் ஆரம்பித்த சண்டையில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் செத்தே போனான். கயிறு கட்டக் கூடாது என்று 2019இலேயே பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வந்த வேகத்தில் அமுங்கியது. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. 600 பக்கத்துக்கு மேல். கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம், பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், பிள்ளைகளின் நலத்தைப் பார்க்கப் பள்ளியிலேயே அலுவலர் வேண்டும் என்றது. கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கயிற்றை நான்கூட வெட்டிவிடுவேன். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பரீட்சை எழுத பஸ்ஸில் போன பதினோராம் வகுப்புப் பையனை இறக்கி வெட்டி விரல்களைத் துண்டாக்கினார்கள். அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் ஒரு வகுப்பறைக்குள் எட்டாம் வகுப்புப் பையன் அரிவாளோடு வந்தான். ஒன்றைப் பேசி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

(விரல் துண்டானால் யாரும் அதை நேராக ஐஸில் போடாதீர்கள். ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். நேராகப் போட்ட விரல் வெந்தது மாதிரி ஆகிவிடும், ஒட்டவைக்க உதவாது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை வந்திருக்கிறதே என்று ஆத்திரமாக இருக்கிறது. ஆனாலும் தெரிந்திருக்கட்டும்.)

அறுந்த நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டில் அறுந்தது விரல்நுனி போய்ச் சேர ஐந்தாறு மாதம் ஆகும். எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்க்க, தைத்த இடத்திலிருந்து விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே போவேன். வளர்கிற நுனியைத் தட்டினால் கரண்ட் அடிக்கும். “அங்கன! அங்கன விண்ணுங்கு!” அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, தேதி போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வேன். சேரன்மாதேவிப் பையனுக்கு இந்தப் புள்ளி பிடித்துப்போனது. வலியைத் தேடி வந்து உட்கார்ந்தவன் அவன் ஒருவன்தான். மாதா மாதம் புள்ளி மூன்று சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். சில மாதம் இரண்டுதான், அன்றைக்கு முகம் வாடிவிடும். உள்ளங்கையிலிருந்து விரல் வழியே வரிசையாக நாலு புள்ளி ஆனதும், “எக்கா, டிரெயின் மேலப்பாளையம் தாண்டிட்டு” என்றான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நரம்பு வந்து சேர்ந்தாலும் விரலுக்கு எல்லாம் மறந்துபோயிருக்கும். எவர்சில்வர் வாளி நிறைய அரிசி. அதற்குள் புளியங்கொட்டை, பித்தான், சாவி, ஒரு ரூபாய்க் காசு, சோழி. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுத் துழாவி, எடுப்பதற்கு முன் என்னவென்று சொல்ல வேண்டும். பேனா பிடிக்க வராதவர்களுக்கு சைக்கிள் டியூபைச் சுற்றிப் பேனாவைத் தடிமனாக்கித் தருவேன். பரீட்சையில் சொல்வதை எழுத ஆள் கிடைக்கும், ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கிடைக்கும். அதெல்லாம் ஒரு மனுப் போட்டால் நடந்துவிடும். நடக்காதது வேறு. “எந்த பெஞ்சுல உட்காரப் போற?” என்று சேரன்மாதேவிப் பையனிடம் கேட்டேன். “கடைசி பெஞ்சு. முதுகுக்குப் பின்னால சுவரு இருக்கணும்.” அதுவும் பழைய பள்ளியில் இல்லை. டிசி வாங்கி வேறு பள்ளி. என் அனுபவத்தில் வெட்டுப்பட்டவன்தான் எப்போதும் டிசி வாங்குகிறான், வெட்டுப்பட்டவன் குடும்பம்தான் வீடு மாறுகிறது. பாதுகாப்புக்காக என்பார்கள்.

வெட்டிய பக்கத்துப் பையன் ஒருவனுக்கும் வைத்தியம் பார்த்திருக்கிறேன். கூர்நோக்கு இல்லத்திலிருந்து, சீருடை போடாத போலீஸ்காரர் ஒருவர் கூட்டிவந்தார். ஓடும்போது விழுந்ததில் மணிக்கட்டு உடைந்திருந்தது. மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. ஐந்து தடவை வந்தான். மறுபடி கபடி ஆட முடியுமா என்று கேட்டான். சாப்பாட்டில் உப்பில்லை என்று சொன்னான். அந்த இன்னொரு பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்பான் என ஐந்து தடவையும் காத்திருந்தேன். கேட்கவில்லை. அவன் அம்மா மட்டும் ஒருநாள் வாசலில் நின்று, “அந்தப் புள்ளைக்குக் கை வந்துட்டா தாயி?” என்றார். தெரியாது என்று சொன்னேன். உண்மையிலேயே தெரியாதுதான். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

இந்தப் பயமெல்லாம் எத்தனை வருஷம் இருக்கும் என்று யாராவது கேட்டால், தோள்பட்டைக்கு வருகிற ஒரு அம்மாவைத்தான் நினைத்துக்கொள்வேன். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் கொக்கிரகுளத்தில் அடித்து ஆற்றுக்குள் விரட்டியதில் 17 பேர் செத்தார்கள். அந்த அம்மாவுக்கு அப்போது பதினாறு வயசு. இப்போது பேத்தி இருக்கிறது. ஜங்ஷனுக்கு பஸ்ஸில் போகும்போது, சுலோச்சன முதலியார் பாலம் வந்ததும் இன்றைக்கும் வலதுபக்கம் இடதுபக்கம் பார்க்காமல் மடியில் இருக்கும் பையையே பார்த்துக்கொண்டு வருவாராம். தோள் ஏன் இறுகியிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் தேடிக்கொண்டிருந்தேன் நான்.

இனி ஒரு சின்னப் பிள்ளையைப் பற்றி.

சேரன்மாதேவிப் பையனுக்கு ஒரு தங்கச்சி, பத்து வயசு. வீட்டில் தனியாக விட முடியாது என்று அம்மா கூடவே கூட்டிவருவார். அவள் மேல் ஒரு கீறல்கூடக் கிடையாது. அதனாலேயே யாரும் அவளைப் பார்க்கவில்லை, நானும்தான். மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஆறு மாதம் போனபிறகுதான் கவனித்தேன்: நான் நாற்காலியை எந்தப் பக்கம் போட்டாலும் திருப்பி வாசலைப் பார்த்து வைத்துக்கொள்கிறாள். ஒருநாள் அண்ணனுக்குக் கட்டுப் போடும் நேரத்தில், அரிசி வாளியை அவள் முன்னால் தள்ளிவைத்தேன். முழங்கை வரைக்கும் கையை விட்டாள். வெளியே எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அண்ணன் கத்தலக்கா. கதவுதான் கத்துச்சு.”

தகரக் கதவு. அதை உதைத்துத் திறந்துதான் உள்ளே வந்திருக்கிறார்கள்.

நான் தினமும் ஆறரை மணிக்கு, கொசு வருகிறதென்று ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிடுவேன். பத்து வருஷமாக எண்ணெய் காணாத ஷட்டர்; அது போடும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆறு மாதமாக, வாரத்துக்கு மூன்று நாள், அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போதே அதை இழுத்திருக்கிறேன்.

மறுநாள் ஆளைக் கூப்பிட்டு, ரோலரைக் கழற்றி, கிரீஸ் போட்டு, தடம் நிமிர்த்தினேன். எண்ணூறு ரூபாய் ஆயிற்று. புதன்கிழமை அவர்கள் வந்தபோது ஒரு விரலால் இழுத்துக் காட்டினேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. பெருமையாக அவளைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது.

“எக்கா, இப்ப யாராவது வந்தா நமக்கு எப்படித் தெரியும்?”

வியாழக்கிழமை டவுன் ரதவீதிக்குப் போய், கன்றுக்குட்டிக்குக் கட்டுகிற மணி ஒன்று வாங்கிவந்து ஷட்டரில் கட்டினேன்.